ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஐந்து இயந்திரங்கள்

மூன்றாம் நம்பர் ஃபேன் முனக ஆரம்பித்ததும் மரிடிம் ஓடிப்போய்க் காது கொடுத்துக் கேட்டார். கெரிச்சோ மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் கூடத்து ஃபேன் அது. அவர் அங்கே தலைமை மெக்கானிக். பேரிங் தேய்ந்துவிட்டது. புதியது மொம்பாசாவிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். கொய்டோ என்ற பெண் கேட்கும் சடங்கோ சனிக்கிழமை. மகள் செலாகட்டைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணுக்கு ஈடாக எத்தனை மாடு தருவது என்று பேசி முடிக்கும் நாள்.

முன்பென்றால் கொஞ்சம் கிரீஸை அப்பிவிட்டுக் கிளம்பியிருப்பார். இப்போது ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் காந்தம் வைத்த கறுப்பு வில்லை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சென்சாராம். சூடு கூடினாலும் நடுக்கம் கூடினாலும் நைரோபிக்குக் கோள் சொல்லிவிடும். கோள் போய்ச் சேர்ந்தால், பழுது தீரும்வரை தலைமை மெக்கானிக் கேட்டைத் தாண்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கொடுமை என்னவென்றால், அந்த வில்லைகளை ஒட்ட வந்த இஞ்சினியர் டோனுய்தான் மாப்பிள்ளை. ஒட்ட வந்த இடத்தில் தேயிலை எடை போட்டுக்கொண்டிருந்த செலாகட்டைப் பார்த்துவிட்டு, நைரோபிக்குத் திரும்ப மனமில்லாமல் ஒரு வாரம் கூடுதலாக ஒட்டினான்.

அவர் போகாவிட்டால் அண்ணன் கிருய்தான் பேச வேண்டும். கிருய் வாயைத் திறந்தால் எதிராளிக்குத்தான் லாபம். சொந்த மகளையே இரண்டு கிழட்டு மாட்டுக்கும் ஒரு நொண்டி ஆட்டுக்கும் கொடுத்துவிட்டு, பாவமே என்று ஆட்டையும் திருப்பி அனுப்பிய தர்மப்பிரபு.

மரிடிம் ஃபேனிலிருந்து வில்லையைப் பிடுங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். பால் வைக்கும் ஃபிரிட்ஜ் நோய்நொடி இல்லாமல் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒட்டலாம் என்று குனிந்து பார்த்தால், அங்கே ஏற்கனவே நான்கு வில்லைகள். அவருடைய ஆட்கள் பார்த்த வேலை. ஒவ்வொருவனுக்கும் ஒரு கொய்டோவோ, ஒரு கால்பந்து ஆட்டமோ இருந்திருக்கும். அதுதான் ஒரு மாதமாக ஒரு புகாரும் வரவில்லையா! பயல்களைக் கூப்பிட்டு நாலு அறை விட அவர் கை பரபரத்தது. அந்தக் கையில்தான் ஐந்தாவது வில்லை இருந்தது. ஒட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை டோனுயின் சித்தப்பா சிகெய் தன் பட்டாளத்தோடு வந்து இறங்கினார். புளித்த பால் நிறைந்த சுரைக்குடுக்கை கை மாறியது. மரிடிம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கிய நேரம், மாப்பிள்ளையின் போன் அலறியது.

"மாமா! உங்க ஃபேக்டரியில அஞ்சு மெஷின் ஒண்ணா நின்னு போச்சு!"

"அஞ்சா?" மரிடிமுக்கு முழி பிதுங்கியது. அந்த ஐந்து எங்கே இருக்கின்றன என்று அவருக்குத்தானே தெரியும். கேன்டீன் சமையல்காரன் ரோனோவுக்குப் போன் போட்டார். டோனுய் எட்டி ஸ்பீக்கரை அமுக்கினான்.

"ரோனோ, அங்க என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே ஐயா. மெஷினெல்லாம் பிச்சு உதறுது. ஐஸ் கட்டிப்போச்சேன்னு நான்தான் ஃபிரிட்ஜை நிறுத்திக் கழுவுறேன். பின்னாடி அஞ்சு கறுப்பு மூடி ஒட்டியிருக்கு, தூக்கி வீசிடவா? அப்புறம் ஐயா, மூணாம் நம்பர் ஃபேன் கன்னு போடற மாடு மாதிரி கத்துது. பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு."

சிகெய் குடுக்கையைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, ஃபேனோட காய்ச்சலை ஃபிரிட்ஜ் முதுகுல ஒளிச்சு வெச்சிருக்கீங்க. பொண்ணோட குறையை எங்க ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"என் குறையெல்லாம் என் வாயிலதான் இருக்கு பெரியவரே!" என்று உள்ளேயிருந்து செலாகட் குரல் கொடுத்தாள். "நீங்க தேடவே வேண்டாம்."

மரிடிமுக்கு மானம் கப்பலேறியது. ஆனால் பக்கத்தில் நிற்கப் பயமாயிருக்கிறது என்று ரோனோ சொன்னது அதைவிடச் சுட்டது. ஃபேன் இறக்கை பிய்த்துக்கொண்டு எவன் தலையிலாவது விழுந்தால்?

"ரோனோ, ஓடிப்போய் அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லு. நான் வரேன்." எழுந்தார். "தப்பு என்னோடதுதான், சம்பந்தி."

"நானும் வரேன் மாமா," என்று டோனுயும் எழுந்தான்.

மரிடிம் அண்ணனின் காதருகே குனிந்தார். "நான் வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காத. யார் எது சொன்னாலும் சரி, மூச்!"

தொழிற்சாலை கேட்டுக்கு வந்ததும் டோனுய் சொன்னான்: "இவ்வளவு ஆரோக்கியமான மெஷின் நாட்டுலயே கிடையாதுன்னு போன வாரம்தான் மேலிடத்துக்கு எழுதினேன் மாமா."

"நல்ல ஃபிரிட்ஜ்தான் மாப்பிள்ளை," என்றார் மரிடிம், தலை நிமிராமல்.

இருவரும் நல்ல துணியோடு ஃபேனுக்குள் புகுந்து பேரிங்கைக் கழற்றினார்கள். அங்கே கிடந்த இலையை மற்ற ஃபேன்களுக்குப் பிரித்துவிட்டார்கள். வில்லைகளை அதனதன் இடத்தில் ஒட்டினார்கள். கிரீஸ் அப்பிய முகங்களோடு வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன் ஒரு மாட்டையாவது மிச்சம் வைத்திருப்பானா என்ற கவலையோடு மரிடிம் உள்ளே நுழைந்தார்.

எல்லாரும் கறி தின்றுகொண்டிருந்தார்கள். கிருய் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிகெய்க்கு வியர்த்திருந்தது.

"பேசி முடிச்சாச்சு சம்பந்தி. உங்க அண்ணன் சரியான கல்நெஞ்சக்காரர். ஆறு மாடுன்னோம், பேசல. எட்டுன்னோம், பேசல. முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். பத்துல வந்து நாங்களே கும்பிடு போட்டு நிறுத்திக்கிட்டோம்."

மரிடிம் ஏழுக்கு மேல் கேட்கத் துணிந்திருக்க மாட்டார்.

கிருய் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இப்ப வாயைத் திறக்கலாமாடா? தாகம் உயிர் போகுது."

தண்ணீர்ச் செம்போடு வந்த செலாகட், அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, தங்கச்சி கொய்டோவுக்கும் நீங்க ஃபேன் கிட்டயே இருந்துடுங்க."