டிக்கியில் இல்லாத சத்தம்

காரை விற்றுவிடச் சொல்லி மணிகண்டராஜுக்கு மாமனார் கனகசபாபதி போன் செய்திருந்தார். மகள் கீர்த்திகா அப்படிச் சொல்லச் சொன்னாளாம்.

ஞாயிறு காலை, திருத்தங்கல் வீட்டு வாசலில் இரண்டு மாதமாகக் கிடந்த காரின் தார்ப்பாயை உருவினான். வாங்க வருகிறவர் பார்க்க வசதியாகத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் சுற்றினான். வலது சக்கரம் திரும்பியது. இடது சக்கரம் அசையவே இல்லை.

டிசம்பர் கடைசியில் ஆமத்தூர் பக்கம் ஒரு வளைவில் இந்தக் கார் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டியவள் கீர்த்திகா. ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது விருதுநகரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காருக்கு வலது பக்க பம்பர் மட்டும் நசுங்கியது. குழந்தை தங்கவில்லை.

திருப்பினேன், வண்டி திரும்பவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பயத்தில் பேசுகிறாள் என்றார்கள். லைசென்ஸ் எடுத்து ஐந்து மாதம்தான். மாசமாக இருக்கிறவள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாமா என்று மணிகண்டராஜின் அம்மா கற்பகவல்லி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நாளில் கீர்த்திகாவே, என் கைதான் தப்புப் பண்ணியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

லாரியில் கொண்டுவந்து இறக்கியதோடு சரி, காரை யாரும் தொடவில்லை. இப்போது மணிகண்டராஜ் ஜாக்கி எடுத்து வந்தான். சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவன். முதலில் வலது சக்கரத்தைத் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. இடது சக்கரத்தைத் தூக்கி ஆட்டினான். எண்ணெய் போட்ட கதவு மாதிரி போய்ப் போய் வந்தது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டான். ஸ்டீயரிங் கம்பியின் முனையில் ஒரு கிண்ணம் உண்டு. சக்கரத்துப் பக்கமிருந்து வரும் இரும்பு உருண்டை அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அது வெளியே வந்து கிடந்தது. மோதியதில் கழன்றிருக்கலாம் என்று முதலில் நினைத்தான். ஆனால் கம்பி வளையவில்லை. சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை. மேலே மூடியிருக்க வேண்டிய ரப்பர் எப்போதோ கிழிந்து, உள்ளே மண் இறுகியிருந்தது. கிண்ணத்தின் வாய் தேய்ந்து, தேய்ந்த இடத்திலும் துரு ஏறியிருந்தது. இரண்டு மாதத்தில் வரும் தேய்மானம் இல்லை அது.

உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்தினான். சிரமமில்லாமல் போனது. கம்பியைப் பிடித்து ஆட்டினான்.

கடக்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்தச் சத்தத்தைத்தான் நவம்பரில் கீர்த்திகா சொன்னாள். மணிகண்டராஜ் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். வருடத்தின் கடைசி மூன்று மாத சீசனில் அவன் டிக்கி நிறைய மேலும் கீழும் தகரப் பட்டி அடித்த காலண்டர் கட்டுகள் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் தகரமெல்லாம் பேசும். அந்த மூன்று மாதமும் ஊரில் பாதி கார்கள் அப்படித்தான் ஓடும், யாரும் காது கொடுப்பதில்லை. அவள் சொன்னதும் டிக்கியைத் திறந்து ஒரு கட்டைக் குலுக்கிக் காட்டினான். இரண்டாம் முறை சொன்னபோது கட்டுகளுக்கு நடுவே சாக்கைத் திணித்தான். மூன்றாம் முறை சிரித்தான்.

"டிரைவரம்மா மெக்கானிக்காவும் ஆயிட்டாகளே" என்றான்.

"கேலி பண்ணாதீக. சத்தம் டிக்கியில கேக்கல. என் கையில கேக்குது."

அதற்கும் சிரித்தான். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்த வாரம் லோடு அனுப்பும் அவசரம்.

இப்போது டிக்கி காலி. மறுபடி ஆட்டினான். கடக்.

சொல்லாமலே காரை விற்றுவிடலாம். யாருக்கும் தெரியாது. அவளும் ஒருநாள் மனம் தேறித் திரும்பி வரக்கூடும், தன் கைதான் காரணம் என்ற நினைப்போடு. அந்த யோசனை வந்ததற்கே அவனுக்குக் கூசியது. கம்பி முனையையும் உருண்டையையும் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

விருதுநகரில் கனகசபாபதி வாசலுக்கே வந்தார். "வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அவன் உள்ளறைக்குப் போய்விட்டான்.

கீர்த்திகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வந்ததிலிருந்து வாசல்படி தாண்டவில்லையாம், ஆட்டோவில்கூட ஏற மறுக்கிறாளாம். அவன் பையைப் பிரித்து இரண்டு இரும்பையும் அவள் முன்னால் வைத்தான். எதையும் விடாமல் சொன்னான். துரு, மண், கிழிந்த ரப்பர், காலி டிக்கி.

அவள் உருண்டையை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்து, ஒருமுறை ஆட்டினாள்.

"இதுதான்" என்றாள்.

மறுபடி ஆட்டினாள். பிறகு கேட்டாள். "அப்போ நான் சரியாத்தான் திருப்புனேனா?"

"சரியாத்தான் திருப்புன கீர்த்தி. வண்டிதான் கேக்கல. நானும் கேக்கல."

அவள் வாய்விட்டு அழுதாள். குழந்தை போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை. கனகசபாபதி கதவருகே வந்து நின்றார். மணிகண்டராஜ் அவரிடமும் முதலிலிருந்து சொன்னான். இன்றைக்கே அம்மாவிடமும் சொல்லப் போவதாகச் சொன்னான். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மகள் தலையில் கை வைத்தார்.

அழுகை அடங்கியதும் மெதுவாகக் கேட்டான். "உன்னைக் கூட்டிட்டுப் போக எப்ப வரட்டும்?"

கீர்த்திகா முகத்தைத் துடைத்தாள்.

"மூணு தரம் சொன்னேங்க" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. அவன் இரும்பைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினான். அவள் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சேலையில் கிரீஸ் கறுப்பாக ஏறியது. அவள் கவனிக்கவில்லை.

காலிப் பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.