காற்று அடைத்த பார்சல்

வாளியைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டப் போன தாய்மாமன் அம்மாசியின் மணிக்கட்டை ஜோதி இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால், கூடத்தில், அவள் அப்பா வீரமலை ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வாளியில் இருந்தது நேற்றுச் சாயங்காலம் கடைக் குழம்புக்காக அவர் இடித்து வைத்த பச்சை விழுது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் பிறகு எழவில்லை.

"சாவு வீட்டுல இருந்ததைக் கொட்டத்தான் செய்யணும். விடு கழுதை."

"கொட்ட மாட்டேன் மாமா. கையை எடுங்க."

பாலக்கரையில் அவருக்கு எட்டடிக் கடை. மேசை, நாற்காலி கிடையாது, பார்சல் மட்டும். பாங்காக்கில் பதினாறு வருஷம் பாத்திரம் தேய்த்து, கரண்டி பிடித்து, முதுகு தேய்ந்து வந்த வீரமலை தாய்லாந்துச் சோறு விற்கப் போகிறேன் என்றபோது மணப்பாறைச் சொந்தம் சிரித்தது. பச்சைமலை பஸ்ஸில் வரும் எலுமிச்சைப்புல், சித்தரத்தை, சுண்டைக்காய், தேங்காய்ப்பால். இருமல் மருந்தை ஊற்றிச் சோறு போடுகிறான் என்றார் அம்மாசி. குழம்பைப் பையில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, பந்து மாதிரி காற்றோடு ரப்பர் பேண்டு போடுவார் வீரமலை. அதற்குத்தான் பெரிய சிரிப்பு. "மாப்ள காத்தை வித்துப் பொழைக்கிறாரு" என்று ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அம்மாசி சொன்னார். பாலக்கரை வரிசையில் நின்று வாங்கியது. சொந்தக்காரன் ஒருவன் நாக்கில்கூடப் பதினோரு வருஷமாக அது படவில்லை.

"பசிக்கும்ல ஒருநாள்" என்பார் வீரமலை. அவ்வளவுதான்.

இப்போது கடையைக் காலி செய்துவிட்டு ஊரோடு வந்துவிடச் சொல்லி, காலையிலிருந்து தங்கை வெள்ளையம்மாளின் காதில் அம்மாசி ஓதிக்கொண்டிருந்தார். ஜோதியின் அம்மா ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு உடல் ஓயாமரிச் சுடுகாட்டுக்குப் போனது. பெண்கள் வீடு கழுவினார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சோறு போடுவது அம்மாவின் பிறந்த வீட்டு முறை. சமையல்காரனுக்குத் தன் தம்பி சொல்லியிருப்பான் என்று அம்மாசி இருந்தார். அண்ணன் சொல்லியிருப்பார் என்று தம்பி இருந்தார். ஒரு வண்டியும் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவள் ஜோதி. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"எங்க அடுப்புக்கு என்ன தீட்டு? கொண்டாம்மா" என்று சாரா பீவி முந்தானையைச் செருகிக்கொண்டார்.

கடை அண்டா தெருவைக் கடந்தது. அப்பா குழம்பில் ஊற்றும் மீன் சாறு சாவு நாளுக்கு ஆகாது, உப்புதான். தேங்காய்ப்பாலில் விழுது வெந்து மணம் எழுந்தபோது, இந்தப் பக்கம் விளக்கருகே சுருண்டு கிடந்த வெள்ளையம்மாள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

குளித்து ஈரத்தலையோடு வந்த அறுபது பேரும் வேறு வழியில்லாமல் பாக்குமட்டைத் தட்டை வாங்கினார்கள். அம்மாசி தரையைப் பார்த்தபடி முதல் வாய் போட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். தட்டை நீட்டினார். இன்னொரு தரமும் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. ஜோதி கரண்டியை இறக்கவேயில்லை. அண்டாவின் அடி சுரண்டும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பஸ்ஸுக்கு நேரமானதும் அம்மாசி தயங்கி வந்தார்.

"அத்தை கால்வலின்னு வீட்டுலயே கிடக்கிறா. அவளுக்கு ரெண்டு கரண்டி..."

"சாவு வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போகலாமா மாமா?"

"இது சாரா பீவி வீட்டு அடுப்புல ஆக்குனதுதானே."

அண்டா அடியில் மிச்சமிருந்ததை ஜோதி பையில் ஊற்றினாள்.

"காத்து இறங்காம கட்டும்மா." பிறகு கேட்டார்: "கடையை எப்பத் திறக்கிற?"

"பதினேழாம் நாள்."

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அம்மாசி பேசாமல் படியிறங்கினார். பாலக்கரை நெரிசலில் யாரும் இடித்துவிடாதபடி, உப்பிய பையை இரண்டு கையாலும் நெஞ்சருகே தாங்கிக்கொண்டு நடந்தார்.