ஐந்து பேர் சேர்ந்த கிரேக்க வகுப்பு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. இந்த மே மாதத்தோடு மூடப்படும் எங்கள் வெதர்பி கல்லூரியின் கடைசி ஆண்டு மலருக்கு, 'கல்லூரி: ஓர் அறிமுகம்' என்று ஒரு பக்கம் கேட்டார்கள். முப்பது வருடம் அங்கே இலக்கியம் நடத்தியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

'ஒஹாயோவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, அறுநூறு மாணவர்களும் ஒரு மணிக்கூண்டும் கொண்ட...'

(வேண்டாம். இது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்.)

2

மறுபடியும். தொண்ணூற்று ஒன்றில் பேராசிரியர் ஹட்சின்ஸின் கிரேக்க வகுப்பில் ஒரே ஒரு மாணவி சேர்ந்தாள். ஐந்து பேர் இல்லாவிட்டால் வகுப்பு கிடையாது என்றார் டீன். ஊழியர்களும் படிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. ஹட்சின்ஸ் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு நின்று கெஞ்சினார்.

"பேரை மட்டும் குடுங்க. வரக்கூட வேணாம்."

சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெர்னிஸ் நிமிரவில்லை. "ஏன் சார், வந்தா கடிச்சிருவீங்களா?" என்று கேட்டார்.

(முந்தைய பிரதியில் 'சமையல்காரி கேட்டாள்' என்று இருந்தது. திருத்தினேன்.)

பெர்னிஸ், பனி அள்ளும் ஆர்வில், நூலகர் மார்ஜரி, நான். நால்வரும் பெயர் கொடுத்தோம். எங்களில் வகுப்புக்குப் போனது பெர்னிஸ் மட்டும்தான். எனக்கு அந்த நேரத்தில் ஏதோ... இல்லை, எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

3

நவம்பரில் அந்த மாணவி, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

"இனிமே வகுப்பு இல்ல பெர்னிஸ். யாருமே இல்லையே," என்றார் ஹட்சின்ஸ்.

"அப்போ நான் யாரு?"

அதன்பின் பதினோரு வருடம், பாத்திரம் கழுவி முடிந்த மூன்று மணிக்கு, அடுப்பறையை ஒட்டிய மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெர்னிஸ் வாசிப்பார். ஹட்சின்ஸ் கண்ணை மூடிக் கேட்பார். எங்கேயாவது தவறினால் ஒரு கண் மட்டும் திறக்கும்.

4

ஹட்சின்ஸ் இறந்தபோது சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. கல்லூரித் தேவாலயத்தில் பெர்னிஸ் எழுந்து கிரேக்கத்தில் எதையோ வாசித்தார். நாங்கள் தலைகுனிந்து கேட்டோம். அதில் பிழை இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

அது விடைகொடுக்கும் கவிதை என்று முடிக்கலாம். முதல் பாடத்தின் பயிற்சி வாக்கியங்கள் என்றும் முடிக்கலாம்; எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. போன வாரம் பெர்னிஸிடமே கேட்டுவிட்டேன்.

"தெரியணும்னா வகுப்புக்கு வந்திருக்கணும் சார்," என்றார்.

ஆகவே அவர் வாசித்ததை இந்த இடத்தில் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.