பதினேழாம் எண்

மாமல்லபுரத்தில் ஒரு கட்டடம் நினைத்த மட்டும் வானத்தை நோக்கி வளர்ந்துவிட முடியாது. பல்லவர் குடைந்த பாறைகளுக்கு அருகே உயரத்தைக் கூட்டச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. உயர முடியாதது படரும். பூசணிக்கொடியை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பந்தல் இல்லையென்றால் அது பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு வழி தேடும். கடற்கரைக்குச் செல்லும் பாதையில் எழவிருந்த ‘நீலக்கரை வளாகம்’ அப்படித்தான் படர்ந்தது. தங்கும் விடுதி, இரண்டு திரையரங்குகள், மதுக்கூடம், மேலே விற்பனைக்கு வீடுகள், கீழே கடைகள் என்று ஆளுயர விளம்பரப் பலகையில் வண்ணப்படம் வரைந்து வைத்திருந்தார்கள். பழைய சுங்கச்சாவடிச் சந்து இருந்த இடத்தில், அந்தப் படத்தில், ஒரு நீரூற்று பொங்கிக்கொண்டிருந்தது.

சந்தில் இருபத்து நான்கு கடைகள். மனை முழுவதும் சென்னையில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் அதை விற்றுவிட்டார்கள். விற்கும்போது ஒரு நல்ல காரியமும் செய்தார்கள்: சந்தில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் புதிய வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஓரிடம் தரவேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கினார்கள்.

தீனதயாளனுக்கு அந்த ஓரிடம் போதும். சுற்றுலா வருபவர்களுக்கு இருபத்தாறு ஆண்டுகளாகச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் அவர். ஐந்து ரதங்களைப் பார்க்கப் போகிறவர்களும் புலிக்குகைக்குப் போகிறவர்களும் அந்தச் சந்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவருடைய பிழைப்பு கைத்திறத்தில் பாதி என்றால் இடத்தில் பாதி. அங்கிருந்து அரைக் கல் தள்ளி வைத்தாலும் அந்தக் கடை கடையாகாது.

ஆவணி மாதத்தில் அளவெடுக்க இருவர் வந்தார்கள். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. கடைக்கு ஒன்றாகச் சிவப்புச் சாயத்தில் எண் எழுதிக்கொண்டே போனார்கள். தீனதயாளனின் சுவரில் பதினேழு விழுந்தது.

“இன்னாத்துக்குய்யா நம்பரு?”

“சும்மா, எத்தினி கட கீதுன்னு பாக்கத்தான் நைனா” என்றார்கள்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. ஆண்டுதோறும் அதற்கு முதல் நாள் தீனதயாளன் கடைக்கு வெள்ளையடிப்பார். சைக்கிள்களைக் கழுவி, வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த ஆண்டு மற்ற கடைக்காரர்கள் எண்ணைச் சுற்றிச் சாயம் பூசினார்கள், நிலத்துப் பாறையைச் சுற்றி ஏர் ஓட்டுவதைப் போல. தீனதயாளனுக்கு அது தோன்றவில்லை. பூஜைக்கு நிற்கும் சுவரில் அழுக்காக ஒரு சிவப்புக் கிறுக்கல் இருக்கலாமா? இரண்டு பூச்சில் அதை மறைத்துவிட்டார்.

பதினாறாம் எண் கடைக்காரரான ஜெயக்குமார், கிளிஞ்சல் மாலை விற்பவர், வாசலில் நின்று சிரித்தார்.

“இன்னா அண்ணாத்த, நம்பரையே முழுங்கிட்ட?”

“செவுரு பாக்க கோர்ட்டு கேஸு கட்டாட்டம் இருந்துச்சிப்பா. சரஸ்வதி உள்ள வராம வாய்தா வாங்கினு போயிடுவா.”

இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பூஜை முடிந்த வாரத்தில் தீனதயாளன் டயர் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில், வேறு இருவர் வந்து எண்ணுள்ள சுவர்களைப் படம் எடுத்து, கடைக்காரர்களின் பெயரையும் குறித்துச் சென்றார்கள். அந்தப் படங்களை வைத்தே பட்டியல் ஒட்டப்பட்டது. பதினேழாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயர் துர்காதேவி.

துர்காதேவி ஜெயக்குமாரின் தங்கை. கணவனை இழந்தவள், இரண்டு பெண்கள். பூஜை முடிந்த கையோடு அண்ணன் தன் கடையின் ஓரத்தை ஒட்டுப்பலகையால் தடுத்து, அவளுக்கு ஒரு பழச்சாறு மேசை போட்டுக் கொடுத்திருந்தார். தடுப்புப் பலகையின் மேல் சிவப்புச் சாயத்தில் பதினேழு எழுதப்பட்டிருந்தது.

“இன்னா ஜெயக்குமாரு, என் நம்பரு உன் பலகைல குந்திகினு கீது?”

ஜெயக்குமார் மறைக்கவில்லை. “நீயா அழிச்ச அண்ணாத்த. காலியா கெடந்த எடத்துல அவ ஒக்காந்தா. துர்காவ பாரு. உனுக்கு கை கீது, ஸ்பேனரு கீது. கல்பாக்கத்துல கட போட்டாகூட ஓடும்.”

“கல்பாக்கத்துல எவன்யா வாடகைக்கு எடுப்பான்? அங்க ஆளுக்கு ஒண்ணு சொந்தமா வெச்சிகினு கீறாங்கோ.”

“வேடந்தாங்கல்ல பாத்துகிறியா? ஒரு கொக்கு கட்டின கூட்ட நத்தகுத்தி நாரை புடிச்சிகிச்சின்னா, கொக்கு மல்லுக்கு நிக்காது. வேற கெளைக்குப் போயிடும்.”

“அங்க கெளை கீது, போவுது. இங்க மரத்தையே வெட்டிகினு கீறான். நீ எனுக்குக் கெளைக் கத சொல்ற.”

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி பூங்கொடி சாப்பாட்டுத் தட்டை ஓசையெழ வைத்தாள். அவள் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளை மாற்றும் வேலை செய்பவள். முன்னே பல் காட்டிப் பின்னே கை நீட்டுகிறவர்களை நாள்தோறும் பார்ப்பவள்.

“அவ பாவம்னா நம்ம இன்னா குபேரனா? போய் ஆபீசுல சொல்லு. வாயிருக்கற புள்ளதான் பொழைக்கும்.”

“சொன்னா அவளுது போயிடும்.”

“சொல்லாகாட்டி நம்மளுது போயிடுச்சே!”

இரண்டு நாள் தீனதயாளன் தூங்கவில்லை. மூன்றாம் நாள், கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியில் குளிரூட்டி பொருத்தி அமைத்திருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். ரோஹித் என்ற இளைஞன் இருந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. எழுந்து நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டான். வழக்கோடு நரியிடம் போன ஆடுகளின் கதைகளில் நரி ஒருபோதும் கோபப்படுவதில்லை. ஆடுகளைவிடப் பொறுமையாகக் கேட்கும். ரோஹித் நரியல்லன். நரிகளுக்காகக் கேட்டு எழுதிக்கொள்கிறவன்.

“உங்க கடைங்கறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா அண்ணா?”

வெள்ளைக்காரர்கள் சைக்கிளோடு நின்று எடுத்து அனுப்பிய படங்களை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்திலும் பின்னணியில் அதே சுவர்.

“கடை இருந்ததுக்கு இது சாட்சிதான். கணக்கெடுப்புல நம்பர் போட்டாங்கங்கறதுக்கு இல்லையே. சந்துல ரெண்டு பேர் கையெழுத்து போட்டா போதும். நான் மேல அனுப்பறேன்.”

அந்த இரண்டு கையெழுத்துகளுக்காகத் தீனதயாளன் இருபத்து மூன்று வாசல்களிலும் ஏறி இறங்கினார். எல்லாருக்கும் தெரியும், எவரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கெடுப்பு வருமென்று முன்னமே மோப்பம் பிடித்து ஒரு கடையை இரண்டாகத் தடுத்து வைத்தவர்கள் சந்தில் நால்வர் இருந்தார்கள். ஒரு கடையைக் கிளறினால் எல்லாக் கடையையும் கிளறுவார்கள். தடுக்காதவர்களுக்குத் தடுத்தவர்கள் மாமனாகவும் மச்சானாகவும் இருந்தார்கள்.

“உனுக்குப் போடாம யாருக்குப் போடப்போறன் அண்ணாத்த? ஆனா இப்பப் போட்டா பேஜாரு” என்றார் ஒருவர். மற்றொருவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது தீனதயாளனுக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தவரிடம் ரோஹித் இன்னும் மெல்லிய குரலில் கேட்டான். “சரி, இதை மட்டும் சொல்லுங்க அண்ணா. துர்காதேவி கடை எப்போ வந்துச்சு?”

தீனதயாளன் கேட்டு வந்தது ‘என் கடை’ என்ற ஒரு சொல். தன்னிடம் கேட்கப்படுவதோ வேறொன்று என்பது அவருக்குப் புரியாமலில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மை இருந்தது. ஏதேனும் ஓர் உண்மையை இவர்கள் காகிதத்தில் ஏற்றினால், தன் உண்மையும் அதன் பின்னால் தொற்றிக்கொண்டு ஏறிவிடும் என்று நம்பினார்.

“ஆயுத பூஜைக்கு அப்பறம்” என்றார். எழுதியதை ரோஹித் படித்துக் காட்டினான். கையெழுத்திட்டார்.

பத்து நாளில் புதிய பட்டியல் வந்தது. கணக்கெடுப்புக்குப் பின் முளைத்த கடை என்று துர்காதேவியின் பெயரை அடித்திருந்தார்கள். சாட்சி இல்லாத உரிமை என்று தீனதயாளனின் பெயரைச் சேர்க்கவே இல்லை. பதினேழாம் இடத்துக்கு நேரே ‘நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு’ என்று அச்சிட்டிருந்தது. அங்கே ஐஸ்கிரீம் கடை வருமாம் என்று பேசிக்கொண்டார்கள். மற்ற இருபத்து மூன்று இடங்களும் அப்படியே இருந்தன. தடுப்புக் கடைகளும் இருந்தன.

சந்தைக் காலி செய்யும் நாளில் ஒரு முனையிலிருந்து பொக்லைன் இடிக்கத் தொடங்கியது. ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் எல்லாம் பெரிய கடைக்காரர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட, மோசஸ் என்பவரின் வண்டி ஒன்றே எஞ்சியது. விற்றது போக மீந்த ஒன்பது சைக்கிள்களைத் தீனதயாளன் அதில் படுக்கவைத்தார். மோசஸ் எட்டிப் பார்த்தார்.

“ஜூஸ் கட அம்மாவும் உன்னாட்டம் பூஞ்சேரிதான். மேசை, மிக்ஸி, ஐஸ் பொட்டி, கண்ணாடி ஜாடி, அவ்ளோதான். ஒரே டிரிப்பா அடிச்சிடறேன் அண்ணாத்த. வேற வண்டி இல்ல.”

ஜெயக்குமார் தன் மாலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினாறாம் இடம் உண்டு. தங்கையின் மேசையை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் பிடிக்க ஆளில்லை. தீனதயாளன் இறங்கிப் பிடித்தார். ஜெயக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கினார்.

முன்னிருக்கை முழுதும் கண்ணாடிக் குடுவைகள். ஆகவே துர்காதேவியும் தீனதயாளனும் பின்னால், சைக்கிள்களின் மேல், எதிரெதிரே உட்கார நேர்ந்தது. வண்டி கடைவீதியைத் தாண்டியது.

“உனுக்குன்னு கேட்டு வாங்கினு போயிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்” என்றாள் பிறகு. அழவில்லை, கொத்தமல்லி விலை சொல்வதைப் போல் சொன்னாள். “உனுக்கும் இல்லாம பண்ணிகினியே, அண்ணாத்த.”

பதிலுக்குச் சொல்ல அவரிடம் இரண்டு இருந்தன. அது என் எண் என்பது ஒன்று. நான் பொய் சொல்லவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் சரியானவை. சரிந்த ஒரு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பூஞ்சேரிக் கூட்டுச்சாலையில் வண்டி நின்றது. மோசஸ் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

“யாருத மொதல்ல எறக்கறது?”

பின்னால் நின்ற கல்பாக்கம் பேருந்து ஒலிப்பானை விடாமல் அழுத்தியது.

“எதுனா சொல்லுங்கப்பா” என்றார் மோசஸ்.