லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ்

கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் குடியிருப்பின் செயலாளர் ஆனது விரும்பி அல்ல. கூட்டம் நடந்த அன்று அவர் கடையில் ஒரு வாடிக்கையாளர், புது ஃபிரேம் காதை அறுக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அதை ஒருவழியாகத் தீர்த்துவிட்டு வீடு திரும்பினால், படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கைகுலுக்கினார்கள். வராத மனுஷரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி வழிந்தால் அவருக்கு போன். லிஃப்ட் பாதியில் நின்றால் அவருக்கு போன்.

இது போதாது என்று செருப்பு காணாமல் போக ஆரம்பித்தது.

வாசலில் கழற்றிவிட்டது காலையில் இருக்காது. அதிலும் தேய்ந்த செருப்பை எவனும் தொடவில்லை. திருடன் ரசனையுள்ளவன். முதலில் மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் புத்தம்புதுத் தோல் ஷூ போயிற்று. அப்புறம் பாட்டு டீச்சருடைய மகளின் ஓட்டப்பந்தய ஷூ. நான்காம் மாடியில் குடியிருந்த ரிட்டயர்டு டிரில் மாஸ்டரின் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் போனபோது அவர் விசிலை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஊதிக்கொண்டு இறங்கினார். "டிசிப்ளின் இல்லாத இடத்துல இப்படித்தான் ஆகும்!" என்று ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தடவை சொன்னார்.

உண்மையில் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பே ஒருவருக்கு நிம்மதி இல்லை. தரைத்தள வீட்டு நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரி வேனில் வந்து இறங்கினால் அவர் ஜன்னல் சன்ஷேடில் யாரோ மேலிருந்து போட்ட குப்பைப் பை கிழிந்து கிடக்கும். நிழலில் நிறுத்திய ஸ்கூட்டரில் காற்று இருக்காது. சாவகாசமாகப் பேப்பரைப் பிரித்தால் குறுக்கெழுத்துப் போட்டி முழுவதும் பேனாவால் நிரப்பியிருக்கும், அதுவும் அழகான கையெழுத்தில். நர்ஸ் மாதாமாதம் புகார் சொல்வார். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். செருப்பு என்றதும்தான் ஊரே எழுந்து நின்றது.

"கேமரா வைக்கணும்" என்றார் பல் டாக்டர். எல்லோரும் கை தூக்கினார்கள்.

செயலாளரின் மனைவி அவர் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "என் தம்பி இருக்கானே! வெளி ஆளுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

மச்சினனுக்குத் தெரியாத தொழிலே கிடையாது. கலர் மீன் வளர்த்தான். மீன் செத்தது. வெயிலில் வெந்நீர் போடும் இயந்திரம் விற்றான். வெந்நீர் மழைக்காலத்தில் வரவில்லை என்று வாங்கியவர்கள் வீடு தேடி வந்தார்கள். இப்போது பாதுகாப்புச் சாதனங்கள். ஒரே காலையில் வாசல் கேட்டில், படிக்கட்டில், லிஃப்ட் பக்கத்தில், மொட்டை மாடிக் கதவில் என்று கேமராக்களை மாட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டியது.

"படமெல்லாம் கிளவுட்ல ஏறிடும், மாமா. உங்க போன்லயே பாக்கலாம். ஆப் மட்டும் நாளைக்கு வந்து போட்டுத் தரேன்."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஆனால் கட்டடம் மாறிப்போனது. படிக்கட்டில் நடப்பவர்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தார்கள். டிரில் மாஸ்டர் கேமராவைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்படியும் ஒரு காலை, பல் டாக்டர் வெறும் சாக்ஸோடு செயலாளர் வாசலில் நின்றார். முதலில் போனதற்குப் பதிலாக வாங்கிய ஷூவும் போய்விட்டது.

"இந்தத் தடவை மாட்டினான் சார். கேமராவைப் போட்டுப் பாருங்க!"

"பாத்துட்டு சொல்றேன், டாக்டர்" என்று அனுப்பிவிட்டு மச்சினனுக்கு போன் போட்டார். கிளவுடில் ஏற நேரம் எடுக்கும் என்றான். மறுபடி போட்டபோது கிளவுடில் டிராஃபிக் என்றான். அதற்கு அப்புறம் போனே அணைந்துவிட்டது.

செயலாளருக்குச் சந்தேகம் வந்தது. தூசி தட்டுகிற சாக்கில் ஏணி போட்டு ஏறி, படிக்கட்டுக் கேமராவின் மூடியைத் திருகினார். கடையில் மூக்குக்கண்ணாடியின் கண்ணுக்குத் தெரியாத ஸ்குரூவைக் கழற்றிப் பழகிய கைக்கு அது சுலபமாகவே வந்தது. உள்ளே லென்ஸ் இல்லை, ஒயர் இல்லை. பேட்டரியும் ஒரு குட்டி பல்பும் மட்டும். விளையாட்டுக் கார்களுக்குப் போடுகிற அதே பேட்டரி.

அந்தப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் மனைவி முன்னால் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "உன் தம்பியோட கிளவுட்."

அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது. ஆனால் அதிக நேரம் சுருங்கியிருக்கிற முகம் இல்லை அது.

"இப்ப என்ன ஆயிடுச்சு? இது பொம்மைன்னு நமக்கு மட்டும்தானே தெரியும். பாத்துட்டேன்னு சொல்லுங்க. எடுத்தவன் பயந்துபோய்த் திருப்பி வச்சிடுவான். ரெண்டு பேர் மானமும் தப்பிச்சிடும்."

"எந்த ரெண்டு பேர்?"

"நீங்களும் என் தம்பியும்தான்."

வேறு வழியும் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினார்: "இதைச் செய்தவர் யார் என்பது கேமராவில் தெளிவாகப் பதிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்பு தாமாக வந்து செயலாளரிடம் ஒப்புக்கொண்டால் பெயர் வெளியே வராது." மனைவி வாங்கிப் படித்து ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்தாள். 'இதை' என்றால் எதை என்று எழுதவில்லை என்பது இருவர் கண்ணிலும் படவில்லை. அப்படியே லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே அழைப்பு மணி அடித்தது. பாட்டு டீச்சர் நின்றார். உள்ளே வந்து, உட்காராமல், புடவைத் தலைப்பைத் திருகினார்.

"சார், நான் பேப்பரைத் திருடல. காலையில எடுத்து, குறுக்கெழுத்தை மட்டும் போட்டுட்டு, மடிப்புக் கலையாம திருப்பி வச்சிடுவேன். நர்ஸ் அந்த நேரத்துல டியூட்டியிலதானே இருக்காங்கன்னு…"

செயலாளர் வாயைத் திறந்து, மூடினார். "ம்ம்" என்றார்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் போனார்.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வெளியே வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது.

அடுத்து டிரில் மாஸ்டர். வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் காற்றுப்போன பந்து மாதிரி ஆகிவிட்டார். "கீழ வரைக்கும் இறங்கிப் போகணும், முழங்கால் வலி. லிஃப்ட்ல கொண்டுபோனா நாறும். அதான் பின்பக்கமா… ஒரு பைதான். தினமும் ஒரே ஒரு பைதான் சார்."

"ம்ம். தெரியும்" என்றார் செயலாளர். இப்போது அவருக்குக் கொஞ்சம் பழகியிருந்தது.

புதிதாகக் கல்யாணமான இரண்டாம் மாடி ஜோடி சேர்ந்து வந்தது. பையன் தரையைப் பார்த்தான், பெண் சுவரைப் பார்த்தாள். "லிஃப்டுக்குள்ளயும் கேமரா இருக்கும்னு தோணவே இல்ல, சார். இனிமே வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுத்துக்கறோம்." செயலாளருக்கே காது சிவந்துவிட்டது. "சரி சரி, போங்க" என்று கதவைச் சாத்தினார்.

கடைசியில், சாக்ஸோடு நின்ற அதே பல் டாக்டர் வந்தார். ஷூவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று செயலாளர் பதில் தயார் செய்வதற்குள், டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஸ்கூட்டர் விஷயம். நான் காரைத் திருப்புற இடத்துலயே கொண்டுவந்து நிறுத்தறாங்க. ஒரு கோபத்துல காத்தைப் பிடுங்கிட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

ஆக, செருப்புத் திருடனைத் தவிர எல்லோரும் வந்துபோனார்கள். செயலாளருக்கு ராஜமரியாதை தொடங்கியது. லிஃப்டில் அவருக்கு வழிவிட்டார்கள். பாட்டு டீச்சர் பலகாரம் கொடுத்தனுப்பினார். மனைவிக்கு ஒரே குஷி. அவர் மட்டும் பலகாரத்தைத் தொடவில்லை. காலையில் கடைக்குப் போகும்போது, டியூட்டி முடித்து வந்த நர்ஸ் கீழே குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "குட்மார்னிங் சார், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார் நர்ஸ். "பாத்துட்டிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, தன் கடைக்குப் போகிற பாதையை விட்டு எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். நர்ஸ்தான் முதலில் எழுந்தார்.

"நோட்டீஸ் போட்டாச்சு. எல்லாம் பதிவாகியிருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் என்ன? பெரிய டிவி என் வீட்டுல இருக்கு, கொண்டுவரேன். எல்லாரும் உக்காந்து பாக்கலாம்."

"அதெல்லாம் வேண்டாம்!" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. அந்த ஒற்றுமையைக் கேட்டு அவர்களே திடுக்கிட்டார்கள்.

டிரில் மாஸ்டர் எழுந்து தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசினார். டாக்டர், மன்னிப்பது உடம்புக்கு நல்லது, ரத்த அழுத்தம் குறையும் என்றார். பாட்டு டீச்சர், நடந்ததை மறந்து எல்லோரும் ஒரு பாட்டுப் பாடலாமே என்றார். புது ஜோடி எதற்கும் தலையாட்டியது.

நர்ஸ் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். "உங்க செருப்பு போனப்ப விசில் ஊதினீங்க. இப்ப கண்டுபிடிக்கலாம்னா வேண்டாங்கறீங்க." பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "என் வீட்டு மேலதான் சார் எல்லாம் விழுது. யார்னு தெரிஞ்சும் நீங்க சொல்லலன்னா, நீங்களும் அவங்க கூட்டுதான்."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் செயலாளர் சமாளித்திருப்பார். மனைவி முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தும் அவர் எழுந்துவிட்டார்.

"கேமராவுல ஒண்ணும் இல்ல. அது பொம்மை. உள்ள வெறும் பேட்டரிதான் இருக்கு. என் மச்சினன் என்னை ஏமாத்திட்டான். நான் உங்களை ஏமாத்திட்டேன்."

முதலில் சுதாரித்துக்கொண்டவர் பல் டாக்டர்.

"அப்ப என் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கதானே டாக்டர் வந்து சொன்னீங்க."

"எந்த விஷயம்?" என்றார் நர்ஸ்.

டாக்டர் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டார். அது போதுமாக இருந்தது. "காத்தைப் பிடுங்கினது நீங்களா?" என்று நர்ஸ் கேட்க, டிரில் மாஸ்டர் குபீரென்று சிரித்தார். "படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது!" என்றார். டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன வந்துச்சு? மூணாவது மாடியில என் ஜன்னலைத் தாண்டி தினமும் ஒரு பை கீழ பறக்கறதை நான் பாக்கறேன். மூணுக்கு மேல உங்க மாடி ஒண்ணுதானே இருக்கு!" டிரில் மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்து தன் முறைதான் என்று பயந்த பாட்டு டீச்சர், யாரும் கேட்காமலே, "பென்சில்லதான் போடணும்னு நினைச்சேன், கிடைக்கல!" என்று அழுதார்.

நர்ஸுக்கு எல்லாம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: சன்ஷேடை மாஸ்டரே ஏறிச் சுத்தம் செய்யவேண்டும். டாக்டர் காற்றடிக்கும் பம்போடு ஒரு வாரம் தினமும் காலையில் கேட்டில் நிற்கவேண்டும். டீச்சர் தன் காசில் தனியாகப் பேப்பர் வாங்கவேண்டும். மூவரும் தலையாட்டினார்கள்.

ஆனால் செருப்பு?

அன்றைக்குப் பட்ட அவமானம் செயலாளரின் மனைவியைச் சும்மா உட்கார விடவில்லை. மறுநாள் காலை, போன் எடுக்காத தம்பியை நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தம்பியின் வாசலில் செருப்பு ஸ்டாண்ட் நிறைந்து வழிந்தது. மேல் தட்டில் தோல் ஷூ இரண்டு ஜோடி, நடுவில் சின்னப் பெண்ணின் ஓட்டப்பந்தய ஷூ, கீழே பளீரென்று வெள்ளை கேன்வாஸ்.

"டேய், இதெல்லாம் என்னடா?"

"அக்கா, தேவை இருந்தாத்தானே சரக்கு விக்கும்? முதல்ல தேவையை உண்டாக்கணும்."

"கேமரா வச்ச பிறகும் எடுத்தியேடா!"

"நாலு பத்தாதுன்னு தோண வைக்கணும்ல? உள்ள இன்னும் ஆறு இருக்கு."

அவன் காதைப் பிடித்தவள், குடியிருப்பின் கேட்டுக்கு வந்துதான் விட்டாள். இன்னொரு கையில் சாக்கு மூட்டை. மச்சினன் மாடி மாடியாகப் போய், கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தான். அக்கா பின்னாலேயே நடந்தாள். பல் டாக்டர் ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "லூஸாயிடுச்சே" என்றார். "என் கால் கொஞ்சம் பெருசு சார்" என்றான் அவன், வருத்தத்தோடுதான். கேமராவுக்கு வாங்கிய பணத்தையும் அந்த வாரமே அக்கா கறந்துவிட்டாள்.

செயலாளர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். யாரும் வாங்கவில்லை. எல்லாம் தெரிந்த மனுஷர் பதவியில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தார்களோ என்னவோ. கூட்டத்தில் வெளிவராத சமாசாரங்கள் இன்னும் சில அவரிடம் இருந்தன.

அன்று சாப்பிட்டு முடித்தபின் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, நான் காபி போட உள்ள போனப்ப முதல் மாடிக்காரர் ஒருத்தர் வந்துட்டுப் போனாரே. அவர் என்ன சொன்னாரு?"

"பேர் வெளிய வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"நான் என்ன வெளி ஆளா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அந்த முகம் திருப்பியபடியே இருந்தது. ஒரு வாரம் அவருக்குக் காபி கிடைக்கவில்லை. கடைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் குடித்துக்கொண்டார். வாயை மட்டும் திறக்கவில்லை.