செவ்வாயும் வெள்ளியும் ஓடிய பெட்டி

எங்கள் சுகதாம் சொசைட்டியில் பன்னிரண்டு வீடுகள். முதல் வீடு என்னுடையது, டிரான்ஸ்பார்மரை ஒட்டி. கடைசி வீடு இந்துமதிபென்னுடையது. குஜராத்தின் நடியாத் ரயில் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நான் சொசைட்டி செக்ரட்டரி. தண்ணீர் வராவிட்டாலும் நாய் குரைத்தாலும் எல்லோரும் தட்டுவது என் கதவைத்தான்.

மார்ச் மாதம் ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு இந்துமதிபென் தட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"நட்வர்பாய், என் வீட்டுல சூரியன் நின்னுபோச்சு."

"வெளியில அடிக்கிற வெயில் போதலையா உங்களுக்கு?"

"கேலி அப்புறம். முதல்ல வந்து பாருங்க."

போனேன். மொட்டைமாடிப் பேனல்களிலிருந்து வரும் மின்சாரத்தைத் தெருக் கம்பியோடு சேர்க்கிற பெட்டி படிக்கட்டுச் சுவரில் இருந்தது. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. வீட்டுக்குள் அடுப்படி மாதிரிப் புழுக்கம்.

"கரண்ட் இல்லையா? ஃபேன் சுத்தலையே?"

"கரண்ட் இருக்கு. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். மத்தியானம் நானே செலவழிச்சா லைனுக்கு என்ன போகும்? லைனுக்குப் போறதைத்தானே பில்லுல கழிக்கிறாங்க?"

மூன்றரை மணிக்குப் பெட்டி தானாகவே பச்சைக்கு மாறியது. மறுநாள் பன்னிரண்டரைக்கு மறுபடியும் சிவப்பு.

பேனல் மாட்டிய ஆள் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் பெட்டி சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரியா இருக்கே, இந்துமதிபென்" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தெருவில் ஒன்பது வீட்டு மாடியில் பேனல் இருக்கிறது. வேறு யார் வீட்டிலும் நிற்கவில்லை. ஐந்தாம் வீட்டு பிபின்பாய் தூசிதான் காரணம் என்றார். இந்துமதிபென் மாடியேறி ஒவ்வொரு பேனலாகக் கழுவினார். பளபளவென்று இருந்த பேனல்களோடு அன்று பன்னிரண்டு மணிக்கே நின்றது.

ரயில்வேக்காரர் அல்லவா, ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தார். நின்ற நேரம், வந்த நேரம், வெயில், மேகம். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டை என் முன்னால் விரித்தார்.

"பாருங்க. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நிக்கவே இல்ல. ஒரு தடவைகூட."

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் மாதாஜி கோயில் நாளாச்சே. அதான்" என்று முடித்துவிட்டாள். கோயில் பக்கமே போகாத இந்துமதிபென் புதன்கிழமை காலையில் பெட்டிக்குக் கீழே ஒரு விளக்கு ஏற்றியதை நானே பார்த்தேன். பன்னிரண்டு இருபதுக்குச் சிவப்பு.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் அன்று சாயங்காலம், குரலைத் தாழ்த்தி. "தருலதாதான் என்னமோ பண்றா."

தருலதாபென் பதினோராம் வீடு. கடைகளுக்குக் காக்ரா என்ற மொறுமொறு கோதுமை ரொட்டி சுட்டுக் கொடுப்பவர். போன நவம்பரில் இந்துமதிபென் பேனல் போட்டபோது தருலதாபென் வீட்டு முருங்கை மரத்தின் நிழல் விழும் என்று புகார் வந்தது. செக்ரட்டரி என்ற முறையில் வெட்டச் சொன்னது நான்தான். தருலதாபென் வெட்டினார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"அவங்க என்ன பண்ண முடியும்? சூரியனுக்கு மூடியா போட முடியும்?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல."

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவசரமாகக் கூப்பிட்டார். ஓடினேன். பெட்டி சிவப்பு.

"இன்னைக்கு வெள்ளிதானே?"

"வெள்ளிதான்."

நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"நட்வர்பாய், சத்தம் இல்ல."

"என்ன சத்தம்?"

"தருலதாவோட மாவு மில்லு. செவ்வாயும் வெள்ளியும்தானே அவ கோதுமை அரைச்சு, கரண்ட் அடுப்பு நாலையும் போட்டுக் காக்ரா சுடுவா? இன்னைக்கு போர்சத்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ மில்லு ஓடினா என் சூரியன் ஓடுது. அவ நிறுத்தினா இங்க நின்னுடுது. இது என்ன கூத்து?"

மறுநாள் மத்தியானம் தூது போனேன். தருலதாபென் காக்ராக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவங்களுக்கு வெயில் வேணும்னு என் மரத்தை வெட்டச் சொன்னீங்க. இப்ப அவங்களுக்காக என் மில்லும் ஓடணுமா? நாளைக்கு என்னையே வந்து மாடியில நிக்கச் சொல்வீங்களா?"

பின்னாலிருந்து குரல் வந்தது. இந்துமதிபென் வாசலில் நின்றிருந்தார், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஒரே ஒரு தடவை போடு, தரு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும். ரெண்டு மாசமா மத்தியானம் ஃபேன்கூடப் போடாம உக்காந்து அந்தப் பெட்டியவே பாத்துட்டு இருக்கேன்."

"ஃபேன் இல்லாமயா? இந்த வெயில்லயா?"

"எல்லாம் லைனுக்குப் போகட்டும்னுதான்."

தருலதாபென் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் மில்லைப் போட்டார். நான்கு அடுப்பையும் போட்டார். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடினேன். ஐந்து நிமிடம் சிவப்பு. ஆறாவது நிமிடம் பச்சை.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"நிறுத்தவா?"

"நிறுத்துங்க!"

கொஞ்ச நேரத்தில் சிவப்பு. மூன்று பேரும் தெருவில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை மின்சார அலுவலகத்துக்கு நேரில் போய், மத்தியானம்தான் வர வேண்டும் என்று மன்றாடி, ஜாக்ருதி பர்மார் என்ற இன்ஜினியரை அழைத்து வந்தேன். அவர் பெட்டியின் கம்பியில் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"இருநூத்தி அறுபத்தி ரெண்டு வோல்ட். இவ்வளவு ஏறினா பெட்டி தானே விலகிக்கும். பெட்டி மேல தப்பே இல்ல."

"ஏன் ஏறுது?" என்றார் இந்துமதிபென்.

"ஒன்பது வீடும் மத்தியானம் ஒரே கம்பியில மின்சாரத்தைத் தள்ளுது. தெருவுல அதை இழுத்துக்க ஆள் இல்ல. அழுத்தம் ஏறுது. டிரான்ஸ்பார்மருக்குத் தூரமா இருக்கிற கடைசி வீட்டுலதான் அதிகமா ஏறும். பக்கத்துல மில்லு ஓடினா அது கொஞ்சம் இழுத்துக்கும், அழுத்தம் இறங்கும். நீங்க ஃபேன், மோட்டார், துணி மெஷின் எல்லாத்தையும் மத்தியானமே போடுங்கம்மா. மிச்சம் பிடிக்கிறேன்னு அணைக்க அணைக்க இன்னும்தான் ஏறும்."

இந்துமதிபென் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தருலதாபென் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் இந்துமதிபென் தயங்கிக் கேட்டார். "அந்தப் பக்கம் ஒரு முருங்கை இருந்துச்சு. அது நிழல் விழுந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

ஜாக்ருதிபென் மேற்கே அண்ணாந்து பார்த்தார். "அங்கயா? அஞ்சு மணிக்கு மேல ஒரு பேனல்ல விழுந்திருக்கும். பெரிசா ஒண்ணுமில்ல."

தருலதாபென்னின் முகம் மாறியது. விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார். இந்துமதிபென் எழுந்து பின்னாலேயே போனார். வெட்டச் சொன்னவன் நான். நான்தான் போயிருக்க வேண்டும். ஜாக்ருதிபென்னோடு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அரைமணி நேரம் கழித்து இந்துமதிபென் கண் சிவந்து வெளியே வந்தார். உள்ளிருந்து தருலதாபென்னின் குரல் துரத்திக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. கோதுமை சலிக்க ஆள் இல்ல. வீட்டுல சும்மாதானே பெட்டியப் பாத்துட்டு இருக்கீங்க!"

மே மாதம் லைன்மேன்கள் வந்து டிரான்ஸ்பார்மரில் அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஜாக்ருதிபென்னிடம் நான் கேட்டேன்: "அப்போ இத்தனை நாளா அவங்க பெட்டிய நிறுத்தினது யாரு?"

"யாருன்னு சொல்றது? ஒன்பது வீடும் சேர்ந்துதான். தெருவுலயே பெரிய பேனல் யாருது?"

"என்னுது."

"அப்போ உங்க பங்கும் இருக்கு."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். என் வீட்டில் ஒரு நாள்கூட சிவப்பு எரிந்ததில்லை. மாடியில் சும்மா கிடக்கும் பேனல் பத்து வீடு தாண்டி ஒருவரை வியர்வையில் உட்கார வைக்குமா? நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையே? ஆனால் செய்திருக்கிறேன்.

தருலதாபென் வீட்டுக்குப் போனேன். இருவரும் கோதுமை சலித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

இந்துமதிபென் சல்லடையை நிறுத்தினார். "அப்போ என் பெட்டிய அணைச்சது நீங்களா?"

"ஒன்பதுல ஒரு பங்கு" என்றேன்.

கோபமா, சிரிப்பா, அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நின்னுட்டே இருந்தா எப்படி, நட்வர்பாய்?" என்றார் தருலதாபென். "உங்க பங்குக்கு அந்த மூட்டையப் பிரிங்க."

உட்கார்ந்து பிரித்தேன்.