நோஞ்சான் குட்டி

ஆடு சினையாக இருந்த காலம் முழுவதும் எஸ்னாத் கர்த்தரிடம் ஒரே ஒரு வேண்டுதலைத்தான் வைத்தாள். பிறக்கிறது கடாக் குட்டியாக இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் பெரிய ஏரியை ஒட்டிய ரும்பி மலைப்பக்கத்தில் எவளும் இப்படி வேண்டிக்கொள்ள மாட்டாள். கடாவை விற்கலாம், வெட்டலாம். பெட்டை என்றால்தான் பால், பால் இருந்தால்தான் பிள்ளைகளின் கஞ்சிக்கு ஒரு ருசி. ஆனால் எஸ்னாத்தின் சங்கடம் வேறு. புருஷன் இறந்து, மூத்தவள் வெஸி முதலாக மூன்று பிள்ளைகளோடு அவள் தவித்தபோது, ரூத் என்ற அந்தக் கறவை ஆட்டைக் கொடுத்தது மிஷன். கொடுக்கும்போதே சபையில் வைத்துச் சொல்லிவிட்டார்கள்: முதன்முதலாகப் பெட்டை பிறக்கும்போது அதில் ஒரு குட்டி, பால்குடி மறந்ததும் அடுத்த ஏழைக் குடும்பத்துக்குப் போக வேண்டும். அடுத்தது யார் என்று அன்றைக்கே சீட்டும் போட்டார்கள். முதலில் விழுந்த பெயர், பக்கத்து வீட்டு சுஸ்கோ.

அப்போது எஸ்னாத்துக்கு அது சந்தோஷம். இருவரும் ஒரே முறத்தில் மக்காச்சோளம் புடைத்த சிநேகிதிகள். முதல் ஈற்றில் ரூத் ஒற்றைக் கடாவை ஈன்றபோது, சுஸ்கோவுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று எஸ்னாத் வருத்தப்பட்டாள்.

பிறகு ஈஸ்டர் வந்தது. பாட்டுப் பயிற்சியில் எஸ்னாத் ஒரு வரியைக் கொஞ்சம் உச்சத்தில் எடுத்தாள். பின்வரிசையில் நின்ற சுஸ்கோ, "இன்னும் கொஞ்சம் ஏத்துனா ஏரியில இருக்கிற மீனெல்லாம் அக்கரைக்கு ஓடிடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்னாத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "மீன் ஓடுறது இருக்கட்டும். உன் புருஷன் ஜோபர்க்குக்கு ஓடினது எந்தப் பாட்டைக் கேட்டு? உன் வாய்க்குப் பயந்துதானே?" என்று கேட்டுவிட்டாள்.

சுஸ்கோவின் புருஷன் வேலைக்கென்று தென்னாப்பிரிக்கா போய், சேதி வருவதே நின்றுபோயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மறுவாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாணல் வேலி எழும்பியது. பேச்சு அற்றுப்போனது. சுஸ்கோ என்றால் அவர்கள் மொழியில் தொல்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் ஏதோ கஷ்டகாலத்தில் வைத்த பெயர். எஸ்னாத்தைக் கேட்டால், அது தீர்க்கதரிசனம் என்பாள்.

இந்த முறை ரூத் ஈன்றது இரட்டை. இரண்டும் பெட்டை.

ஆட்டுத் திட்டத்தைக் கவனிக்கிற மூப்பர் சவுலா சேதி கேட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கொட்டிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ரெட்டைப் பெட்டை! ஸ்தோத்திரம்மா, ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்," என்றாள் எஸ்னாத், பல்வலிக்காரியைப் போல.

குட்டிகள் இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஒன்று முந்திக்கொண்டு இரண்டு காம்பையும் பிடித்துக் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தது. மற்றது நோஞ்சான். நான்கு குச்சியின் மேல் ஒரு தோலைப் போர்த்தி, இரண்டு காதைச் செருகியது போல இருக்கும். குட்டிகள் பால் மறக்கும் பருவம் வந்தபோது எஸ்னாத் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு பெட்டையைக் கொடு என்றுதானே சொன்னார்கள்? எந்தப் பெட்டை என்று சொல்லவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கழுத்தில் துணியும் கயிறும் கட்டிய நோஞ்சானைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். மூப்பர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுதானாம்மா?"

"கர்த்தர் சின்னதைத்தானே தெரிஞ்செடுப்பார், மூப்பரே? தாவீது கடைக்குட்டிதானே?"

வேதத்தையே எடுத்துக் காட்டினால் மூப்பர் என்ன சொல்வார்? தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, கயிற்றைக் கையில கொடுத்து ஜெபம் பண்ணும்மா" என்றார்.

எஸ்னாத் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்தக் குட்டியைக் கொடுக்கிறேன். ஆமென்."

"வாங்குறவங்களுக்காகவும் ஜெபிக்கணும்."

"வாங்குறவங்களுக்கு நல்ல புத்தியையும் அடக்கமான நாக்கையும் தாரும். ஆமென்."

பெண்கள் வரிசையில் தோள்கள் குலுங்கின. சுஸ்கோ கொஞ்சமும் அசரவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி எஸ்னாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காதோரம் சொன்னாள்: "ரொம்ப நன்றி, வெஸி அம்மா. உன் மனசு எவ்வளவு பெரிசுன்னு குட்டியைப் பாத்தாலே தெரியுது."

அதோடு முடிந்தது என்றுதான் எஸ்னாத் நினைத்தாள். நோஞ்சான் அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே நாணல் வேலியின் அடியில் நுழைந்து வந்து, ரூத்தின் மடியில் முட்டியது. ஒல்லி உடம்புக்கு எந்தச் சந்தும் வாசல்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுஸ்கோவின் குரல் ஓங்கி வந்தது.

"ஏய் எஸ்னாத்! அடுத்த வீட்டு முற்றத்துல உனக்கென்ன வேலை? வெக்கங்கெட்டவளே, வயித்துக்கு அலையாதே, வா வெளியே!"

எஸ்னாத் கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். மூத்த மகள் வெஸி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அவங்க குட்டிக்கு உன் பேரை வெச்சிருக்காங்க."

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்துவிட்டது. ஆனால் ஒருத்தி மற்றவளோடு பேசவில்லை. இருவரும் ஆட்டோடு பேசினார்கள்.

"பாத்தியா ரூத்," என்று எஸ்னாத் உரக்கச் சொல்வாள், "சில வீட்டுல ஒரு பிடி தழைகூடப் போடுறதில்ல போல. பாவம், பிள்ளை பசியில ஓடி வருது."

"எஸ்னாத், கவலைப்படாதே கண்ணு," என்று பதில் வரும் வேலிக்கு அப்பாலிருந்து. "எலும்பும் தோலுமா அனுப்பிச்சவங்களே இன்னிக்கு உன் பசியைப் பத்திப் பேசுறாங்க. எல்லாம் கடைசிக்காலம்."

"ரூத், நீ பெத்தது நல்ல ஜாதிதான். சேர்ற இடம் சரியில்ல."

"எஸ்னாத், தலையை அப்படி ஆட்டாதே. அப்புறம் உன் பேர்க்காரி மாதிரியே ஆயிடுவே."

சுஸ்கோவின் மூத்த பிள்ளை கும்போ உட்பட, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வேலியின் இரு பக்கமும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள்கூட அந்த நேரம் பார்த்து அந்த வழியாகவே போனார்கள். எஸ்னாத்துக்குக் கோபம்தான். ஆனாலும் ஒருநாள் நோஞ்சான் வரத் தாமதமானபோது, தான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வேலியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளே கவனித்தாள்.

மாதம் ஒருமுறை மிஷன் நர்ஸ் வந்து, கோவில் பக்கத்து மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, சின்னப் பிள்ளைகளை எடை பார்ப்பாள். அன்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி உண்டு. அந்த மாதம் கஞ்சி ஊற்றும் முறை எஸ்னாத்துடையது. பானைக்குப் பின்னால் நின்றபடி, சுஸ்கோ தன் கடைசிப் பிள்ளை யான்கோவைத் தராசில் உட்காரவைப்பதைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் தராசில் ஏறியதும் வீறிட்டு அழுதன. யான்கோ அழவில்லை. துணித்தொட்டிலில் சும்மா தொங்கினான்.

நர்ஸ் அவனுடைய பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் எழும்பவில்லை, குழியாகவே நின்றது.

"பால் ஏதாவது கொடுக்க முடியுமா? முட்டை?"

"ஆடு வந்திருக்கு, சிஸ்டர்," என்றாள் சுஸ்கோ. "இன்னும் குட்டி. அது பெரிசாகிப் பால் கொடுக்கும்."

"அதுவரைக்கும் இவன் காத்திருப்பானாம்மா?"

சுஸ்கோ பிள்ளையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

எஸ்னாத் அகப்பையை வழியவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாள். சத்தில்லாமல் வீங்குகிற காலில் விழும் அந்தக் குழி அவளுக்குத் தெரியும். ரூத் வருவதற்கு முன் அவளுடைய சின்னவன் லூசோவின் பாதத்திலும் அப்படித்தான் குழி விழும். அவள் தினமும் காலையில் அழுத்திப் பார்த்து அழுவாள். ரூத்தின் பால் போய்த்தான் அந்தக் குழி நிரம்பியது. இப்போது லூசோ கோவில் கூரையில் ஏறி அடிவாங்குகிற பிள்ளை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. சோளமாவில் சீமாக் களியைக் கிண்டிப் பிள்ளைகளுக்கு வைத்தாள். பொழுது சாய்வதற்குள் கொழுத்த குட்டியின் கழுத்தில் கயிற்றைக் கட்டினாள். வேலிச் சந்து வழியாக அல்ல, ஊர் பார்க்க, தெருப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சுஸ்கோவின் வாசலுக்குப் போனாள்.

சுஸ்கோ முற்றத்தில் உட்கார்ந்து உசிப்பாக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை எஸ்னாத் ஆட்டோடு பேசவில்லை.

"கும்போ அம்மா," என்றாள் எஸ்னாத். "இந்தா. இதுதான் உன்னுது. அதைக் கொடு, நான் கொண்டு போறேன்."

"எதை?"

"அதான்... அந்த நோஞ்சானை."

"எஸ்னாத்தையா? மாட்டேன்."

"என்ன மாட்டேங்கிற? இது எப்படி இருக்கு பாரு! சீக்கிரம் சினையாகும், சீக்கிரம் பால் தரும். நான் செஞ்சது தப்பு. கொடுக்கிறதை நல்லதாக் கொடுத்திருக்கணும்."

"தப்புதான். ஊருக்கே தெரியும்," என்றாள் சுஸ்கோ. "ஆனா உள்ளே வந்து பாரு."

குடிசைக்குள் யான்கோ பாயில் படுத்திருந்தான். அவன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பில் சுற்றும் சித்தெஞ்சித் துணியைப் போர்த்தியபடி, நோஞ்சான் தூங்கியது. அவன் கை அதன் காதைப் பிடித்திருந்தது.

"தினம் இப்படித்தான். என் பிள்ளைங்க தங்களோட கஞ்சியில அதுக்கும் ஒரு வாய் வைக்குதுங்க. திட்டிப் பாத்துட்டேன், கேட்கலை. இனிமே அதைப் பிரிச்சா இவன் எடை இன்னும் இறங்கிடும். எஸ்னாத்தைக் கொடுக்க மாட்டேன். கொழுத்ததை நீயே வெச்சுக்கோ."

எஸ்னாத் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அன்னிக்கு உன் புருஷனைப் பத்திச் சொன்னேனே," என்றாள். "அந்தப் பேச்சு தினம் என் நெஞ்சுல வந்து நிக்குது. என்னை மன்னிச்சிடு, சுஸ்கோ."

சுஸ்கோ கையிலிருந்த கருவாட்டின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"ஓடினவன் என் வாயையும் கூட்டிட்டு ஓடியிருக்கலாம்," என்றாள். "ஊராவது நிம்மதியா இருந்திருக்கும்."

எஸ்னாத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுஸ்கோவுக்கும் அப்படியே. சத்தம் கேட்டு யான்கோ விழித்துக்கொண்டான். குட்டியும் எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை கத்தியது.

"எழுந்திரு," என்றாள் எஸ்னாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு கோப்பை எடுத்துட்டு வா. பெரிசா எடு. ரூத் இப்போ காலையும் சாயங்காலமும் கறக்கிறா. உன் குட்டி வளர்ந்து கறக்கிற வரைக்கும் இவனுக்கு என் வீட்டுப் பால். வேண்டாம்னு சொன்னே, மறுபடியும் ஜெபம் பண்ணிடுவேன்."

"ஐயோ, வேண்டாம்மா! முதல் ஜெபத்துக்கே என் நாக்கு இன்னும் அடங்கலை," என்று சுஸ்கோ கோப்பை எடுக்க ஓடினாள்.

அடுத்த எடைநாளில் யான்கோ தராசில் உட்கார மறுத்தான். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. காலை உதறி, நர்ஸின் தொப்பியைத் தட்டிவிட்டு, மாமரமே அதிரும்படி கத்தினான். தராசின் முள் எங்கே நின்றது என்று நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் சுஸ்கோ நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். எஸ்னாத் அவளைவிட உரக்கக் குலவையிட்டாள். நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று மாலையே எஸ்னாத் கொழுத்த குட்டிக்கு மறுபடியும் கயிறு கட்டினாள். ஒருதரம் கொடுப்பதற்கென்று வெளியே கொண்டுபோனதைத் திரும்ப வீட்டில் கட்டிவைத்ததிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. சீட்டில் சுஸ்கோவுக்கு அடுத்திருந்தது மலைச்சரிவில் குடியிருக்கும் லோனெஸ்; அவளுக்கும் கைக்குழந்தையோடு சேர்த்து நாலு பிள்ளைகள். மூப்பர் சவுலா விஷயத்தைக் கேட்டுத் திகைத்தார். "சட்டப்படி ரெண்டாவது குட்டி உன்னுதும்மா."

"சட்டம் கிடக்கட்டும், மூப்பரே. ரூத் மறுபடியும் ஈனாமலா போயிடுவா?"

சுஸ்கோவும் கூடவே கிளம்பினாள். யான்கோவை முதுகில் கட்டிக்கொண்டு, "நீ தனியாப் போனா நாலு வார்த்தை நல்லதாப் பேசத் தெரியாது" என்றாள். ஏற்றம் முழுக்க, குட்டியை யார் இழுப்பது, எந்தப் பாதை கிட்டம், எந்தத் தழை ஆட்டுக்கு ஆகாது என்று இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். கொழுத்த குட்டி நடுவில் நின்று நின்று, வழியோரத்துச் செடியையெல்லாம் மேய்ந்துகொண்டு வந்தது.

லோனெஸ் முற்றத்தில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஏறி வரும் இருவரையும் கண்டதும் உலக்கையைப் போட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பதறி ஓடி வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா வர்றீங்க? யாரு செத்துப்போனாங்க?"